சிலம்பு வழக்கை வகுப்பில் விசாரிப்பது எப்படி

வைகாசியில் கிழக்கிலங்கையின் காரைதீவிலோ செட்டிபாளையத்திலோ கண்ணகை அம்மன் சடங்கு பார்த்த பிள்ளைக்குக் கோவலன் கதையைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. கண்ணகி கதையைச் சொல்லும் வழக்குரையைப் பாடக் கேட்டிருக்கும். அதனால் என் ஏ.எல். (உயர்தர) வகுப்பில் நேரே சிலப்பதிகாரத்தில் கோவலன் வெட்டுப்படும் கொலைக்களக் காதையில் இறங்கிவிடுவேன்.

பாண்டியனின் கட்டளையைக் கரும்பலகையில் எழுதுங்கள்: சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டு வாருங்கள். விசாரணை எங்கே என்று ஒரு பிள்ளையாவது கேட்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். அப்புறம் காவலரிடம் போங்கள். இவனைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லை என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை அடுக்கியே அவர்களை மடக்குகிறான். வெட்டியவன் ஒரு குடிகாரன். அரசன், பொற்கொல்லன், காவலர், வெட்டியவன் என்று வகுப்பை நாலாகப் பிரித்து, பழி யாருக்கு என்று வாதாட விடுங்கள். ஊழ்வினை என்று ஒருவன் எழும்பினால், சரி, நூலின் முன்னுரையான பதிகமும் அதைச் சொல்கிறது. ஆனால் அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும் என்பதுதானே அங்கே முதலில் வருகிறது என்று கேளுங்கள்.

மாணிக்கமா முத்தா என்பது எல்லோருக்கும் பாடம். ஐந்து நிமிடம் போதும்.

அந்தப் பாண்டியனுக்குப் பின் அரசேறிய வெற்றிவேற் செழியனுக்கு ஒரு முழுப் பாடவேளை வேண்டும். பொற்கொல்லன் ஒருவன் செய்த களவுக்கு ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டவன். நகைத்தொழில் வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்தால் மற்றவர்கள் திரும்பிப் பார்க்க விடாதீர்கள்.

வீட்டுக்கு ஒரு கட்டுரை கொடுங்கள்: மதுரை எரியும்போது யார் யாரை விட்டுவிடச் சொன்னாள் கண்ணகி, அந்தப் பட்டியலில் இல்லாதவர் யார்?