மிடில்பர்க்: ஷோர் பாஸ் கையில் இருக்கும் ஒரு பகலுக்கு

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்திலிருந்து கப்பலுக்குப் போகிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். நெதர்லாந்தின் ஃப்ளிஸ்ஸிங்கன் துறைமுகத்தில் கப்பலைக் கட்டி, கரையிறங்கும் அனுமதியான ஷோர் பாஸ் கிடைத்ததும் எல்லாரும் ஆம்ஸ்டர்டாமுக்கு ரயிலேறப் பார்க்கிறார்கள். போகவே இரண்டரை மணி நேரம் ஆகும். கப்பலில் பம்ப்மேனாக இருந்த காலத்தில் நான் அதே ரயிலில் ஏறிப் பத்து நிமிடத்துக்குள் மிடில்பர்க்கில் இறங்கிவிடுவேன்.

முடிந்தால் வியாழக்கிழமை போங்கள், அன்று சந்தை. ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்து கால்வாய்ப் பாலத்தைத் தாண்டினால் ஊர் ஆரம்பிக்கிறது. மேப் தேவையில்லை. நடு ஊர் பிரிமணை போல வட்டமாக இருக்கும். 9-ஆம் நூற்றாண்டில் வைக்கிங் கொள்ளையருக்குப் பயந்து எழுப்பிய மண்கோட்டையின் வடிவம் அது. எந்தத் தெருவில் நுழைந்தாலும் சுற்றிவந்து மடாலயத்தில்தான் நிற்பீர்கள். அங்கே 'லாங்கே யான்' கோபுரம், உயரம் சுமார் 90 மீட்டர், 207 படி. முதலில் அதில் ஏறிவிடுங்கள். சாப்பிட்ட பிறகு ஏற முடியாது. மேலே நம் கச்சான் காற்றே தோற்றுப்போகும், தொப்பியைக் கழற்றிப் பையில் வையுங்கள்.

அப்புறம் சந்தைத் திடலில் பழைய நகர மன்றம். 1452-இல் தொடங்கிய கட்டடம், முகப்பில் பிரபுக்கள், சீமாட்டிகள் என்று 25 சிலைகள். போட்டோ எடுக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: 1940 மே 17 அன்று போரில் நடு ஊர் எரிந்தது, இந்த மன்றமும் எரிந்தது. பழசு என்று பார்ப்பதில் பாதி, பிறகு திரும்பக் கட்டியது. எனக்கு அதனாலேயே இந்த ஊர்மேல் மரியாதை கூடியது. இப்போது உள்ளே ஒரு கல்லூரி நடக்கிறது.

நம் கரைக்காரர்கள் நிதானமாக நடக்க வேண்டியது ரூவான், லண்டன், ரோட்டர்டாம் என்று ஊர்களின் பெயர் வைத்த படகுத்துறைத் தெருக்களில். பக்கத்தில் கைப்பர்ஸ்போர்ட் என்ற பீப்பாய்த் தச்சர் சந்து, இருபுறமும் பழைய கிடங்குகள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை நடத்திய 17 இயக்குநர்களில் ஆம்ஸ்டர்டாமுக்கு 8 பேர், இந்த ஊர் தலைமையேற்ற ஸேலந்து மாகாணத்துக்கு 4 பேர். 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்து நம் மன்னார் வளைகுடா முத்திலும் சங்கிலும் கை வைத்தது அதே கம்பெனிதான். அந்த உயரமான வீடுகளை அண்ணாந்து பார்க்கும்போது வாய் பிளக்க வேண்டாம். யார் காசு என்று கொஞ்சம் யோசியுங்கள்.

இன்னும் மோசமான கணக்கும் உண்டு. 1720-இல் இங்கே தொடங்கிய வணிகக் கம்பெனி ஒன்று ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக விற்றது. அதன் கணக்கேடுகள் ஸேலந்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, 2011-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலிலும் சேர்ந்தன. மடாலயத்துக்கு அருகே பாலன்ஸ் திடலில் 2005-இல் வைத்த நினைவுச் சின்னம் இருக்கிறது, தவறவிடாதீர்கள்.

தொலைநோக்கிக்கு 1608-இல் முதன்முதலில் காப்புரிமை கேட்ட ஹான்ஸ் லிப்பர்ஹே இந்த ஊர்க் கண்ணாடிக்காரர்தான். கப்பலில் பைனாகுலரோடு வாட்ச் (காவல்) நிற்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

சாப்பாட்டுக்குச் சந்தையில் பொரித்த மீன். எந்த எண்ணெய், வேறென்ன பொரிக்கிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள். திரும்பும்போது பேக்கரியில் 'பொலுஸ்' கேளுங்கள். பட்டையும் பழுப்புச் சர்க்கரையும் தடவிய சுருள் ரொட்டி. அடிப்பக்கம்தான் ருசி, கையெல்லாம் பிசுபிசுக்கும். கூட இரண்டு காகிதம் வாங்கிக்கொண்டு ரயிலேறுங்கள்.