விலை உயர்ந்த சிற்றலை ரேடியோ வாங்குமுன்

விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது 'உணர்திறன்'தான், அதாவது மெலிந்த சிக்னலையும் பிடிக்கும் திறன். அதை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். நல்ல ரிசீவர் எதிலும் அது போதுமான அளவு இருக்கும். பார்க்க வேண்டியது, வேண்டிய நிலையத்தை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர்களை. சிற்றலையில் நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கியடித்து நிற்கின்றன. ஃபில்டர் உள்ளே விடும் அலைவரிசை அகலத்தை 6, 4, 3 கிலோஹெர்ட்ஸ் என்று குறைக்க முடிந்தால்தான் பக்கத்து நிலையத்தின் இரைச்சலைத் தள்ளிவைக்கலாம்.

அடுத்தது 'சிங்க்' (synchronous detection) வசதி. வானத்தின் உயரத்தில் ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும் அயனமண்டலம் வழியே வரும் அலை மங்கும்போது, பேச்சு திடீரென்று கரகரத்துக் குழறும். பேச்சைச் சுமந்து வரும் தாங்கி அலை தேய்ந்துபோவதுதான் காரணம். சிங்க், ரேடியோவுக்குள்ளேயே ஒரு தாங்கி அலையை உண்டாக்கி அந்த இடத்தை நிரப்பும். தாங்கி அலைக்கு மேலும் கீழும் ஒரே பேச்சைக் கொண்டுவரும் பக்கப்பட்டைகளில் தொந்தரவில்லாத ஒன்றை மட்டும் கேட்கவும் விடும். டெக்சன் பிஎல்-990 போன்ற கையடக்க ரேடியோவிலேயே இது இருக்கிறது. வாங்கும்போது, மங்கி மங்கி வரும் நிலையத்தில் இதைப் போட்டுப் பாருங்கள். பிடி நழுவி ஊளையிட்டால் வேண்டாம்.

ஐகாம் ஆர்8600 மாதிரி 3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் மேசை ரிசீவர், சிற்றலை மட்டும் கேட்பவருக்கு அதிகப்படி. மிச்சப் பணத்தில் மொட்டைமாடிக்கு ஒரு லூப் (வளைய) ஆன்டெனா வாங்கலாம். எல்இடி பல்பும் சார்ஜரும் ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பும் வீட்டில் அதுதான் பெரிய வித்தியாசம் காட்டும்.