மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது: குஷன் ஷூ போட்டுப் பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

கடையில் காலை நுழைத்ததும் ‘ஆஹா’ என்று சொல்ல வைத்த ஷூக்கள் இரண்டு இப்போது என் வீட்டு அலமாரியின் மூலையில் கிடக்கின்றன. இரண்டும் நல்ல ஷூக்கள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் அவற்றை நின்றுகொண்டு பார்த்தேன், உட்கார்ந்துகொண்டு பார்த்தேன், கண்ணாடியில்கூடப் பார்த்தேன். ஓடி மட்டும் பார்க்கவில்லை.

ஓடும்போது கால் தரையில் பதிந்திருப்பது கிட்டத்தட்ட கால் நொடி. அந்த நேரத்துக்குள் உடல் எடையைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு விசை அந்த ஒரு காலில் இறங்கி ஏறிவிடுகிறது. நிற்கும்போது உங்கள் எடை இரண்டு கால்களுக்கும் பாதிப் பாதியாகப் பிரிந்திருக்கிறது. அப்படியென்றால் நின்றுகொண்டு நீங்கள் பார்க்கும் ஃபோமும் ஓடும்போது காலுக்கடியில் இருக்கும் ஃபோமும் ஒன்றே ஆனாலும், அது நடந்துகொள்ளும் விதம் ஒன்றல்ல. கட்டைவிரலால் மிட்சோலை, அதாவது ஷூவின் அடியில் இருக்கும் அந்த ஃபோம் அடுக்கை, அமுக்கிப் பார்த்து “செம சாஃப்ட்” என்று முடிவு கட்டுவது இன்னும் மோசம், விரலுக்குத் தெரிவது மேற்பரப்பு மட்டும்தான். ரொம்ப மென்மையான ஃபோம் நிற்கும்போது தலையணை மாதிரி இருக்கும். ஓட ஆரம்பித்ததும் சிலருக்கு அடிவரை நசுங்கித் தரை தட்டும், சிலருக்குக் கணுக்கால் உள்ளேயும் வெளியேயும் ஆடும். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி: ஷூவோடு ஒற்றைக் காலில் நின்று முழங்காலைக் கொஞ்சமாக மடக்கி எழுந்து பாருங்கள். பாதம் படகு மாதிரி ஆடினால், பத்தாவது கிலோமீட்டரில் களைத்துப்போன கால் என்ன பாடுபடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ட்ரெட்மில்லோ நடைபாதையோ எது கிடைத்தாலும் இரண்டு மூன்று நிமிடமாவது நீங்கள் வழக்கமாக ஓடும் வேகத்தில் ஓடுங்கள். கடைக்குள் பத்தடி நடப்பது இந்தக் கணக்கில் சேராது.

இன்னொன்று, எடை அதிகம் உள்ளவர்களுக்குத்தான் குஷன் தேவை, ஒல்லியானவர்களுக்கு வேண்டாம் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். லக்சம்பர்க்கில் 800-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களை வைத்து நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், கடினமான ஷூ போட்டவர்களுக்குக் காயம் கூடுதலாக வந்தது. அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது எடை குறைந்தவர்களிடம்தான். நம் ஊகத்துக்கு நேர் எதிர்.

சரி, சைஸுக்கு வருவோம். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான், நானும் சேர்த்து. “எனக்கு 8” என்று பெட்டியைக் கேட்டு வாங்குகிறோம். எந்த 8? யூ.கே. அளவில் ஒரு சைஸ் என்பது ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 8.5 மி.மீ.; அரை சைஸ் என்றால் 4 மி.மீ. சொச்சம். ஆண்களுக்கான யூ.எஸ். எண் சில பிராண்டுகளில் யூ.கே.யைவிட ஒன்று கூட, சில பிராண்டுகளில் அரைதான் கூட. போதாக்குறைக்கு, ஒரே பிராண்டின் இரண்டு மாடல்கள் வேறு வேறு அச்சில் தைக்கப்பட்டிருக்கும். ஆகவே பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதையே முடிவாக வைக்காதீர்கள். ஆபீஸுக்குப் போடும் லெதர் ஷூவின் எண்ணை அப்படியே இங்கே கொண்டுவருவதும் இதே தவறுதான்.

பாதத்தை அளப்பதென்றால் எழுந்து நின்று, முழு எடையையும் கொடுத்து, இரண்டு பாதங்களையும் அளக்க வேண்டும். எடை ஏறும்போது பாதம் நீள்கிறது, அகலவும் செய்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு பாதம் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது, ஷூ வாங்குவது அந்தப் பெரிய பாதத்துக்கு. நேரமும் முக்கியம். காலையில் எழுந்ததும் இருக்கும் பாதத்தைவிட மாலைப் பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும், நீண்ட ஓட்டத்தின் நடுவே இன்னும் உப்பும். சாயங்காலம் போய், ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள்.

விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. அதை எங்கே அளக்கிறோம் என்பதில்தான் கோளாறு. எனக்குப் பெருவிரலைவிட இரண்டாவது விரல் நீளம். இது தெரியாமல் பெருவிரலுக்கு முன்னால் அமுக்கிப் பார்த்து “இடம் இருக்கே” என்று வாங்கிவந்தேன். மூன்று வாரத்தில் இரண்டாவது விரலின் நகம் ஓரத்தில் கத்தரிப்பூ நிறமாகி, பிறகு முழுக்கக் கறுத்து, ஒரு நாள் சாக்ஸோடு கையில் வந்துவிட்டது. வலிக்கவில்லை, ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. மேலே இருந்து அமுக்கிப் பார்ப்பதில் இன்னொரு சிக்கல், யாராவது அமுக்கினால் விரல் தானாகவே உள்ளே சுருங்கிக்கொள்ளும். அதைவிட நம்பகமான வழி உண்டு. ஷூவுக்குள் இருக்கும் இன்சோலைக் கழற்றித் தரையில் போட்டு, குதிகாலைப் பின் விளிம்போடு சேர்த்து வைத்து, அதன்மேல் எழுந்து நில்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் எவ்வளவு மிச்சம் என்று கண்ணாலேயே தெரியும். சுண்டுவிரல் பக்கம் சதை இன்சோலைத் தாண்டி வழிகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

வழிந்தால்? நிறைய பேர் இந்த இடத்தில் ஒரு சைஸ் கூட்டி வாங்கிவிடுகிறார்கள். நீளத்தைக் கூட்டினால் அகலமும் துளி கூடும், உண்மைதான். ஆனால் ஷூ மடங்க வேண்டிய இடம் உங்கள் விரல் மூட்டுக்கு முன்னால் தள்ளிப்போகும், குதிகால் பின்னால் தளர்ந்துவிடும், தளர்ந்ததை லேஸால் இழுத்துக் கட்டுவீர்கள், பாதத்தின் மேல்பக்கம் வலி எடுக்கும். அகலக் குறைச்சலுக்கு மருந்து அகலமான ஷூதான். பல மாடல்கள் அகல வகையிலும் வருகின்றன: ஆண்களுக்கு டி என்பது சாதாரண அகலம், 2ஈ அகலம், 4ஈ ரொம்ப அகலம், பெண்களுக்கு பி சாதாரணம், டி அகலம். லேஸ் கட்டியபின் துளை வரிசைகள் இரண்டையும் பாருங்கள். விரல் பக்கம் விலகி அகலமாக விரிந்திருந்தால் உங்கள் பாதத்துக்கு ஷூ போதவில்லை. இரண்டு வரிசையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் உள்ளே இடம் மிதமிஞ்சி இருக்கிறது.

நீளமும் அகலமும் சரி, குதிகால் மட்டும் லேசாகத் தூக்குகிறதா? உடனே ஷூவை நிராகரிக்க வேண்டாம், எல்லா லேஸையும் இறுக்கவும் வேண்டாம். கணுக்கால் ஓரமாக, மற்ற துளைகளிலிருந்து சற்றுத் தள்ளி, யாரும் சீண்டாத ஒரு துளை இருக்கும். லேஸை அதே பக்கத்துக் கடைசித் துளையில் நுழைத்து இருபுறமும் சிறு வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்துக் கட்டுங்கள். குதிகால் பூட்டுப் போட்டதுபோல நிற்கும், பாதத்தின் நடுவே இறுக்கமும் ஏறாது. இதற்குப் பிறகும் தூக்கினால் அது உங்களுக்கான ஷூ இல்லை.

“போகப் போகச் சரியாகிவிடும்” என்பது லெதர் காலத்துப் பேச்சு. ஓட்ட ஷூவில் ஃபோம் முதல் சில ஓட்டங்களில் கொஞ்சம் இளகும், அவ்வளவுதான்; மேல்துணியின் வடிவமும் குதிகால் கிண்ணமும் உங்களுக்காக மாறப்போவதில்லை. கடையில் உறுத்தும் தையல் சாலையிலும் உறுத்தும்.

ஈரக்காலைத் தரையில் பதித்து, தட்டைப்பாதமா வளைந்த பாதமா என்று பார்த்து அதற்கேற்ற ஷூ வாங்குவது ரொம்ப நாளாக இருக்கும் பழக்கம். அமெரிக்காவில் ராணுவம், மரைன் படை, விமானப்படை ஆகிய மூன்றிலும் அடிப்படைப் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு இப்படிப் பாத வளைவு பார்த்து ஷூ கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். வளைவு பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே வகை ஷூ கொடுத்த கூட்டத்தோடு ஒப்பிட்டபோது காயங்கள் குறையவில்லை. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்னோ நிக்கும் உடன் பணியாற்றியவர்களும் 2015-இல் வேறொரு கருத்தை முன்வைத்தார்கள், ஓடும்போது உங்களுக்கு எது சௌகரியமோ அதைத் தேர்ந்தெடுங்கள் என்று. முடிந்த முடிவு என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் ஈரக்கால் சோதனையைவிட நான் நம்புவது இதைத்தான். பாதத்தில் ஏற்கெனவே வலியோ, சர்க்கரை நோயால் உணர்ச்சிக் குறைவோ இருப்பவர்கள் மட்டும் சௌகரியத்தை நம்பக் கூடாது, மருத்துவரைக் கேட்க வேண்டும்.

டிராப் என்று ஒன்று உண்டு, குதிகால் உயரத்துக்கும் முன்பாத உயரத்துக்கும் உள்ள வித்தியாசம். 10 மி.மீ. ஷூவில் வருடக்கணக்கில் ஓடிவிட்டு 4 மி.மீ. ஷூவுக்கு மாறியதும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் ஷூவைத் திட்டாதீர்கள், சுமை இடம் மாறியிருக்கிறது. சின்னச் சின்ன ஓட்டங்களாக ஆரம்பியுங்கள்.

ஒப்பிடுவதிலும் ஏமாறுகிறோம். 700 கிலோமீட்டர் ஓடிக் களைத்த பழைய ஷூவைக் கழற்றிவிட்டுப் போட்டால் எந்தப் புது ஷூவும் சொர்க்கம்தான். இரண்டு புது மாடல்களை எடுத்து இடது காலில் ஒன்று, வலது காலில் ஒன்று போட்டு ஓடிப் பாருங்கள், பிறகு மாற்றிப் போட்டு ஓடுங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நான்காவது ஜோடிக்கு மேல் போனால் கால் எதையும் சொல்லாது, எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்.

வீட்டுக்கு வந்தபின் விலைச்சீட்டைக் கிழிக்க அவசரப்படாதீர்கள். திருப்பிக் கொடுக்க அனுமதி உண்டு என்றால், சுத்தமான தரையிலோ ட்ரெட்மில்லிலோ இருபது நிமிடம் ஓடிவிட்டு உடனே சாக்ஸைக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். சுண்டுவிரல் ஓரம், பெருவிரல் மூட்டு, குதிகாலின் பின்புறம், பாதத்தின் மேல் லேஸ் போகும் இடம். சாக்ஸின் பின்னல் தடம் காலில் பதிந்திருப்பது சகஜம். ஒரே இடத்தில் திட்டாகச் சிவந்து, பத்து நிமிடம் கழித்தும் மறையாமல் இருந்தால், அடுத்த வாரம் கொப்புளம் வரப்போவது அங்கேதான்; பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.