மண் இறங்கிய வீட்டுக்கு நட்டஈடு: மலையகத்தில் நாம் செய்யும் தவறுகள்

மழை விட்டுத் தண்ணீர் வடிந்ததும் நம் ஆட்கள் முதலில் கையில் எடுப்பது விளக்குமாறுதான். சேற்றை வழித்துக் கொட்டி, ஊறிப்போன மெத்தையைக் கொளுத்தி, பொங்கலுக்குக் கழுவுவது போல வீட்டைக் கழுவி வைத்துவிடுவோம். நாலைந்து நாள் கழித்து கிராம சேவகர் வந்து பார்க்கும்போது வீடு பளிச்சென்று இருக்கும். சேதம் எங்கே என்று அவர் கேட்டால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அதனால் கழுவுவதற்கு முன் படம் எடுங்கள். ஒவ்வொரு அறையையும், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும் எடுங்கள். கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தினால் உயரம் தெரியும். டிவி, குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றின் பின்புறம் ஒட்டியிருக்கும் இலக்கத்தையும் சேர்த்து எடுத்து, கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் சொந்தக்காரருக்கு உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். போன் கெட்டாலும் படம் இருக்கும். நாறும் சாமானைப் படம் எடுத்த பிறகு தூக்கி எறியலாம். காப்புறுதி செய்த பொருளாக இருந்தால் மட்டும், மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும் வரை ஒரு ஓரமாக வைத்திருங்கள்.

அரசாங்க நிவாரணமும் காப்புறுதி இழப்பீடும் வேறு வேறு வழிகள். ஒன்றில் பதிந்தால் மற்றதற்குத் தானாகப் போய்ச் சேராது. நிவாரணம் கிராம சேவகர் வழியாகப் பிரதேச செயலகத்துக்குப் போகும். காப்புறுதிக்கு நீங்களேதான் கம்பனிக்கு அறிவிக்க வேண்டும். நிவாரணத் தொகையும் எப்போதும் ஒன்றல்ல. 2025 நவம்பரில் டித்வா புயலுக்குப் பிறகு வீடு துப்புரவு செய்ய 25,000 ரூபாய் அறிவித்தார்கள் என்பதற்காக அடுத்த மழைக்கும் அதே கணக்கு இருக்கும் என்று நினைக்கக்கூடாது. அந்தந்த அனர்த்தத்துக்கு வெளியாகும் சுற்றறிக்கையைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான் சிக்கல் அதிகம். 1992 முதல் பெரும்பாலான அரச தோட்டங்களைக் கம்பனிகள் நடத்துகின்றன. லயன் எனும் தொழிலாளர் வரிசை வீட்டின் அறையில் தலைமுறை தலைமுறையாக இருந்தும் பெரும்பாலானோர் கையில் வீட்டுக்கான உறுதிப்பத்திரம் கிடையாது. “உறுதி இல்லை, நமக்கு எதுவும் கிடைக்காது” என்று விண்ணப்பமே போடாமல் இருந்துவிடுவதைத்தான் நான் முதல் தவறு என்பேன். கட்டடம் யார் பெயரில் இருந்தாலும் உள்ளே இருந்த அலுமாரி, அடுப்பு, பிள்ளையின் புத்தகம் எல்லாம் உங்களுடையவை. அவற்றைத் தனியாக எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது, “தோட்ட ஆபீசில் எழுதியாச்சு, தலைவரிடம் சொல்லியாச்சு” என்று நிம்மதியாக இருப்பது. தோட்டத்தை நடத்தும் துரையின் பட்டியல் வேறு, கிராம சேவகரின் பதிவு வேறு. தோட்டத்தில் எழுதிய பெயர் பிரதேச செயலகத்தில் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பார்க்க வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் தலவாக்கலை, நோர்வூட் போன்ற இடங்களுக்குப் புதிய பிரதேச செயலகப் பிரிவுகள் வந்திருப்பதால், எந்த அலுவலகம் நமக்குரியது என்பதையும் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரே லயன் அறையில் அப்பா, கல்யாணம் ஆன மகன், பேரப்பிள்ளைகள் என்று இரண்டு மூன்று குடும்பம் இருப்பது நமக்குப் புதிதல்ல. பதியும்போது மட்டும் அப்பாவின் பெயரில் ஒரே குடும்பமாக எழுதிவிடுகிறோம். அடுப்பு தனி என்றால் குடும்பமும் தனி என்பதைப் பதியும்போதே சொல்லுங்கள். வாழ்க்கைப்பட்டு வேறு தோட்டத்திலிருந்து வந்த மருமகளின் பெயர் இன்னும் தாய்வீட்டு வாக்காளர் பட்டியலில் இருக்கும். அப்படியானால் தோட்டத்திலிருந்து வதிவிடக் கடிதம், சம்பளச் சீட்டு, பிள்ளையின் பாடசாலைக் கடிதம், கிளினிக் அட்டை என்று இங்கே இருப்பதைக் காட்டும் எதையாவது கொண்டுபோங்கள்.

படிவம் சிங்களத்தில் இருந்தால் புரியாமல் கையொப்பம் வைக்காதீர்கள். தமிழும் ஆட்சிமொழிதான். தமிழ்ப் படிவம் கேளுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு வரியையும் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். முக்கியமாக “முழுச் சேதம்”, “பகுதிச் சேதம்” என்ற கட்டங்களில் எதில் அடையாளம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கொடுத்த எதற்கும் திகதியோடு ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

வெள்ளத்தைவிட மலையில் மண்சரிவே பெரிய ஆபத்து. சுவர் நிற்கிறது, கூரை இருக்கிறது, ஆனால் வீட்டுக்குப் பின்னால் நிலம் வெடித்திருக்கிறது. கண்ணால் பார்த்தால் அது சிறிய சேதம்தான். நிலம் பாதுகாப்பானதா என்று சொல்லக்கூடியது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கசியும் கலங்கல் தண்ணீர் ஆகியவற்றைப் படம் எடுத்து, அந்த நிறுவனத்தின் பரிசோதனை வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள். அவசரமென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைக்கலாம். பதிவு கிடைக்காமல் போய்விடுமோ என்று சிவப்பு எச்சரிக்கை உள்ள வீட்டில் காத்திருப்பது மட்டும் வேண்டாம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று லயன்கள் மண்சரிவில் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல வருடங்களுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது.

இனி காப்புறுதி. நம் ஊரில் அதிகம் பேரிடம் இருப்பது ஆட்டோவுக்கான காப்புறுதி. மூன்றாம் தரப்புக் காப்புறுதி உங்கள் வண்டியின் சேதத்துக்கு ஒரு சதமும் தராது. “ஃபுல்” என்று சொல்லி வாங்கியிருந்தாலும் வெள்ளம், மண்சரிவு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பத்திரத்தில் தேடிப் பாருங்கள். வண்டி தண்ணீரில் நின்றிருந்தால் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவே கூடாது. தண்ணீர் புகுந்த இஞ்சின் அப்போதுதான் உடையும், அந்தச் சேதம் உங்கள் கவனக்குறைவு என்று கம்பனி வாதாடவும் இடம் கிடைக்கும். லீசிங் வண்டியென்றால் லீசிங் கம்பனிக்கும் அன்றே அறிவியுங்கள்.

நாவலப்பிட்டி, கம்பளை பக்கம் கடை வைத்திருப்பவர்கள் பிரீமியத்தைக் குறைக்கப் பொருளின் மதிப்பைக் குறைத்துக் காட்டுவது வழக்கம். 20 இலட்சம் ரூபாய்ப் பொருளை 10 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்து, 4 இலட்சத்துக்குச் சேதமானால், சராசரி விதி (காப்புறுதி செய்த விகிதத்துக்கே இழப்பீடு என்ற நிபந்தனை) உள்ள பத்திரத்தில் 2 இலட்சம்தான் கணக்காகும். அதிலும் நீங்கள் ஏற்க வேண்டிய பகுதியைக் கழிப்பார்கள். தீக் காப்புறுதி எடுத்திருக்கிறேன் என்று வெள்ளத்துக்கு நம்பியிருப்பதும் சரியல்ல. வெள்ளம் பெரும்பாலும் தனியாகச் சேர்க்க வேண்டிய ஒன்று. வீட்டுக் கடன் இருந்தால் அதோடு காப்புறுதியும் எடுக்கப்பட்டிருக்கலாம், வங்கியில் விசாரியுங்கள்.

கம்பனி மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பனியிடமே முறையீடு, அதற்குப் பிறகு காப்புறுதிக் குறைகேள் அதிகாரி அல்லது இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டால் பிரதேச செயலாளருக்கு எழுத்து மூலம் மேன்முறையீடு செய்யுங்கள். காரணம் சொல்லாவிட்டால் 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். “முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்” என்ற தாளை நீட்டினால், தொகையில் உடன்பாடு வரும் வரை பேனாவை எடுக்காதீர்கள்.