கடலின் மேல்படலத்தில் பனிக்கரு எவ்வளவு? துளி உறைவுச் சோதனை செய்யும் முறை

அலை உடைந்து குமிழிகள் வெடிக்கும்போது காற்றில் ஏறும் திவலையில் உப்பும் இருக்கும், உயிர்ப்பொருளும் இருக்கும். உப்பு நீராவியை ஈர்த்து மேகத்துளியாக்கும். அந்தத் துளியைப் பனியாக்க உப்பால் ஆகாது. பனி உருவாகத் தொடங்க இடம் தரும் துகள், அதாவது பனிக்கரு, எதுவும் இல்லையென்றால் மேகத்துளி −38 டிகிரி செல்சியஸ் அருகே வரை நீராகவே நிற்கும். அதற்கு முன்பே உறைய வைப்பவை டயாட்டம் பாசிகள் கசியவிடும் கரிமப் பொருளும் நுண்ணுயிர்த் துணுக்குகளும். பனிக்கருவாகும் பாலைத் தூசு அதிகம் எட்டாத, அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலில் இந்தக் கணக்கு மிக முக்கியம்.

கடல் பரப்பின் மிக மெல்லிய மேல்படலத்தின் மாதிரியைப் படகின் முன்பக்கம், காற்று வரும் திசையில் எடுங்கள். எஞ்சின் புகையும் எண்ணெயும் கலந்தால் எல்லாம் வீண். கழுவிய கண்ணாடித் தகட்டைச் செங்குத்தாக முக்கி, நொடிக்கு 5 செ.மீ. அளவில் மெதுவாகத் தூக்கி, ஒட்டிய படலத்தை ரப்பர் பட்டையால் புட்டியில் வழியுங்கள். முதல் சில வழிப்புகளைக் கொட்டிவிடுங்கள். ஒப்பிட, அதே இடத்தில் ஒரு மீட்டர் ஆழ நீரும் வேண்டும். முடிந்தால் அன்றே சோதியுங்கள். உறைய வைத்து எடுத்தால் கருவின் திறன் மாறக்கூடும்.

நீர் ஒட்டாத கண்ணாடிச் சில்லில் 1 மைக்ரோலிட்டர் துளிகள் 50 இட்டு, நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் குளிர்வித்து வீடியோ எடுங்கள். உறையும் துளி சட்டென்று மங்கும். உப்புநீரில் அது லேசாகத்தான் தெரியும், அதனால் படம் படமாக ஓட்டிப் பாருங்கள். உறைந்த துளியிலிருந்து வெண்பனி படர்ந்து பக்கத்துத் துளியைத் தொட்டால் அதுவும் உறைந்து கணக்கு கெடும். உலர்ந்த நைட்ரஜனை மெல்லிய ஓட்டமாக விட்டால் இது நிற்கும். தூய நீர்த்துளிகளையும் கட்டாயம் ஓட்டுங்கள். அவை உறையத் தொடங்கும் வெப்பநிலைக்குக் கீழே கிடைப்பதை நம்பக் கூடாது.

ஒவ்வொரு வெப்பநிலையிலும் உறையாத துளிகளின் பங்கை எடுத்து, அதன் இயல் மடக்கையை எதிர்க்குறியாக்கித் துளியின் கன அளவால் வகுங்கள். 50-இல் 25 உறைந்திருந்தால் மைக்ரோலிட்டருக்கு 0.693, அதாவது மில்லிலிட்டருக்குச் சுமார் 690 கருக்கள். கடல்நீரின் உறைநிலையை உப்பு −1.9 டிகிரிக்கு இறக்குகிறது. மேகத்துளியில் உப்பு நீர்த்துவிடும். ஆகவே −14-இல் உறைந்ததை −12 என்று எழுதுங்கள்.

கருவின் வகை அறிய, மாதிரியில் ஒரு பங்கை மூடி 95 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி மறுபடி ஓட்டுங்கள். திறன் சரிந்தால் உயிர்ப்பொருள். கனிமத் தூசு பெரும்பாலும் அசையாது. இன்னொரு பங்கை 0.2 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள். திறன் தங்கினால், முழுச் செல்லைவிடச் சிறிய துணுக்குகளே வேலை செய்கின்றன.

கிடைத்த எண் படலத்துக்கு உரியது, காற்றுக்கு அல்ல. காற்றில் ஏறுவதை அறிய, மூடிய தொட்டியில் நீரைப் பாய்ச்சிக் குமிழி எழுப்பி, துகள்களை வடிகட்டியில் பிடித்து, தூய நீரில் அலசி, இதே சோதனையைச் செய்யுங்கள்.