மூழ்கிய மீன்பிடிப் படகைப் பார்க்க முதல் டைவ்: நீலகிரிக்காரர்களுக்கு

ஊட்டி, குன்னூர், கோத்தகிரியிலிருந்து கடலுக்குப் போய் ஸ்கூபா பழகி, அடியில் கிடக்கும் விசைப்படகைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நீச்சல். 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் சொல்வார்கள். ஆஸ்துமா இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். அடிப்படைச் சான்றிதழுக்கு 18 மீட்டர்தான் எல்லை. அதற்குள் கிடக்கும் படகாகத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து காது. பர்லியாறு தாண்டி இறங்கும்போது அடைக்குமே, அதேதான்; தண்ணீரில் மிக வேகமாக நடக்கும். தலை மூழ்கியதுமே மூக்கைப் பிடித்து மென்மையாக ஊதுங்கள். வலித்தால் கொஞ்சம் மேலே ஏறி, திரும்ப முயலுங்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம்.

படகருகே துருவைவிட வலைக்குத்தான் பயப்பட வேண்டும். தங்கூசி நரம்பு (மீன்பிடிக்கும் நைலான் இழை) கண்ணுக்கே தெரியாது. டேங்க் வால்வில் மாட்டினால் திமிறாதீர்கள், இன்னும் சுற்றிக்கொள்ளும். அசையாமல் நின்று, கூட வந்தவருக்குச் சைகை காட்டுங்கள், அவர் அறுத்துவிடுவார். இருவரிடமும் கத்தி இருக்க வேண்டும். கதவு திறந்திருந்தாலும் உள்ளே நுழையாதீர்கள், அதற்குத் தனிப் பயிற்சி உண்டு. ஜன்னல் வழியே டார்ச் அடித்தாலே நிறையத் தெரியும்.

டேங்கில் காற்றழுத்தம் 200 பார் இருக்கும்போது இறங்கினால், 100 பார் ஆனதும் திரும்புங்கள். மூச்சை அடக்காமல், நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறி, 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள்.

அப்புறம் வீடு திரும்புவது. டைவ் முடிந்த உடனே விமானம் ஏறக் கூடாது என்று பயிற்சியாளர்கள் எச்சரிப்பார்கள், மலைப்பாதையைப் பலர் நினைப்பதில்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் கிட்டத்தட்ட இந்த உயரத்தில் இருக்கும் அளவுதான். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்குள் மேலே ஏறினால் குமிழியாகிவிடும். ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் பொறுக்க வேண்டும். நான் 24 மணி நேரம் என்றே சொல்வேன். புதுச்சேரியில் மதியம் டைவ் முடித்துக் காரில் கிளம்பினால் விடிவதற்குள் குன்னூர் வந்துவிடும். அந்த அவசரம் வேண்டாம். கடற்கரையிலேயே ஓர் இரவு தங்குங்கள், முடியாவிட்டால் மேட்டுப்பாளையத்திலாவது. மூட்டுவலி, மரமரப்பு, காரணமில்லாத அசதி தெரிந்தால் மலையேறவே கூடாது. ஆக்சிஜன் கொடுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய், டைவ் செய்ததை முதலில் சொல்லுங்கள்.