மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கலையா? நாங்க பண்ண தப்பு உங்க வீட்லயும் நடக்குதான்னு பாருங்க

எங்க அம்மாவுக்கு 4 வருஷமா பிரஷர் 170/100-க்கு கீழ வந்ததே இல்ல. வேலூர் காட்பாடியில வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கிளினிக்ல தான் காட்டுவோம், மாத்திரைய ஏத்திக் குடுப்பாங்க, அடுத்த மாசம் போனா அதே 170, இன்னொரு மாத்திரை சேப்பாங்க, இப்படியே மூணு மாத்திரை ஆயிடுச்சு. கடைசியில "இவங்க உடம்பு வாகே அப்படி, ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு சொல்லிட்டாங்க, நாங்களும் நம்பிட்டோம். அந்த நம்பினது தான் பெரிய தப்பு.

காரணம் அம்மாவோட சுருக்குப் பையிலயே இருந்திருக்கு. முட்டி வலிக்குன்னு மெடிக்கல்ல சீட்டு இல்லாம வாங்கி, தினமும் ரெண்டு வேளை டைக்ளோஃபெனாக் போட்டுக்கினு இருந்தாங்க. வேற ஒரு டாக்டர்கிட்ட போனப்போ அவங்க பிரஷர பத்தி கேக்குறதுக்கு முன்னாடியே "வலி மாத்திரை எதனா போடுறீங்களாம்மா"ன்னு கேட்டாங்க, அம்மா சாதாரணமா "ஆமாம்மா, அது இல்லாம எழுந்து நடக்கவே முடியாதே"ன்னாங்க. இந்த வலி மாத்திரைங்க உடம்புல உப்பையும் தண்ணியையும் தங்க வச்சிடும், பிரஷர் மாத்திரையோட வேலைய கெடுத்துடும், அதுவும் டெல்மிசார்டன் மாதிரி பிரஷர் மாத்திரையும் தண்ணி பிரியற மாத்திரையும் (மூத்திரத்த அதிகமா போக வைக்கிறது) போடுறவங்க கூடவே இதையும் போட்டா கிட்னிக்கே ஆபத்து. உடனே கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு பாக்குற கிரியாட்டினின் டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க, நல்ல வேளையா பெருசா ஒண்ணும் இல்ல. முட்டி வலிக்கு வேற வழி பாத்து அந்த மாத்திரைய நிறுத்தினதுக்கு அப்புறம், பிரஷர் மாத்திரையும் கொஞ்சம் மாத்தி, ரெண்டு மாசத்துல 134/84-க்கு வந்துச்சு. 4 வருஷம் போச்சேன்னு இன்னும் எனக்கு மனசு ஆறல.

அதனால முதல்ல சொல்றது, டாக்டர்கிட்ட போகும்போது வீட்ல இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துக்கினு போங்க. "வெள்ளையா சின்னதா ஒரு மாத்திரை"ன்னு சொன்னா அவங்களுக்கு ஒண்ணும் புரியாது. வலி மாத்திரை மட்டும் இல்ல, மூக்கடைப்புக்கு போடுற சளி மாத்திரை, ஸ்டீராய்டு, கர்ப்பத்தடை மாத்திரை, இருமலுக்கு தினமும் மெல்லுற அதிமதுரம், கேஸுக்கு தண்ணியில கரைச்சு குடிக்கிற சோடா பொடி, இது எல்லாமே பிரஷர ஏத்தக்கூடியது. நாட்டு மருந்து சாப்பிட்டா திட்டுவாங்கன்னு மறைக்காதீங்க, திட்டினாலும் பரவால்ல, சொல்லிடுங்க.

அடுத்தது, ஆஸ்பத்திரி போற அன்னிக்கு மாத்திரைய விடுறது. எங்க சித்தப்பா குடியாத்தத்துல இருந்து வெறும் வயித்துல ரத்தம் குடுக்கணும்னு காலைல மாத்திரைய போடாமயே பஸ் ஏறிடுவாரு. ஒவ்வொரு தடவையும் 180 காட்டும், டாக்டர் டோஸ ஏத்துவாரு, வீட்டுக்கு வந்து ஏத்தின டோஸ ஒழுங்கா போட்டதும் தலைய சுத்தும், "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல"ன்னு நிறுத்திடுவாரு. வெறும் வயித்து டெஸ்ட்னா சாப்பாடு தான் கூடாது, பிரஷர் மாத்திரைய ரெண்டு வாய் தண்ணியோட பெரும்பாலும் போட்டுக்கலாம், சந்தேகம்னா முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. சுகர் மாத்திரை, இன்சுலின் அப்படி இல்ல, அத சாப்பாடு இல்லாம போடக்கூடாது.

பிரஷர் பாக்குறதுலயே நெறைய பேர் ஏமாந்துடுறாங்க. பஸ் ஸ்டாண்டுல இருந்து வெயில்ல நடந்து, மாடிப்படி ஏறி, வந்த உடனே கைய நீட்டினா அது உண்மையான பிரஷர் இல்ல. 5 நிமிஷம் சாய்ஞ்சு உக்காரணும், கால் தரையில படணும், கால் மேல கால் போடக்கூடாது, கை நெஞ்சு உயரத்துக்கு மேஜை மேல இருக்கணும், பாக்கும்போது பேசக்கூடாது. அரை மணி நேரத்துக்குள்ள காபி, டீ, பீடி, சிகரெட் கூடாது, மூத்திரத்த அடக்கி வச்சிருந்தாலும் ஏத்திக் காட்டும். கை பருமனா இருக்கிறவங்களுக்கு சின்ன பட்டைய சுத்தினா 10, 15 கூடுதலா காட்டிடும், பெரிய பட்டை இருக்கான்னு தைரியமா கேளுங்க. முதல் தடவை ரெண்டு கையிலயும் பாத்து, எதுல அதிகமோ அடுத்து அந்தக் கையிலயே பாக்கணும். வீட்ல மிஷின் இருந்தா மேல் கையில மாட்டுறது தான் நல்லது, ஒரு வாரம் காலைல ரெண்டு தடவை, சாயந்திரம் ரெண்டு தடவை பாத்து நோட்டுல எழுதி எடுத்துக்கினு போங்க. ஆஸ்பத்திரியில 140/90-னா வீட்ல 135/85 தான் கணக்கு, சராசரி அதுக்கு மேல இருந்தா அதிகம்னு அர்த்தம்.

நார்மல் ஆயிடுச்சுன்னு மாத்திரைய நிறுத்துறது எல்லாருக்கும் தெரிஞ்ச தப்பு தான், ஆனாலும் நடக்குது. நார்மல் ஆனதே மாத்திரையால தான். சில மாத்திரைய, முக்கியமா குளோனிடின், பீட்டா பிளாக்கர் வகைய, திடீர்னு நிறுத்தினா பிரஷர் எகிறிடும். கால் வீங்குதா, அது அம்லோடிபின்னால இருக்கலாம், வறட்டு இருமல் நிக்கலையா, எனலாபிரில், ராமிப்ரில்னால இருக்கலாம், டாக்டர் வேற மாத்தி குடுப்பாங்க, நீங்களா விடாதீங்க. நம்ம வேலூர் வெயிலப் பத்தியும் சொல்லணும், அக்னி நட்சத்திரத்துல தண்ணி பிரியற மாத்திரை போடுறவங்களுக்கு வேர்வையும் போய் எழுந்தா கண்ணு இருட்டிக்கும், அப்போ டோஸ பாக்கச் சொல்லி டாக்டர்கிட்ட போகணும். உப்பு ஒரு நாளைக்கு மொத்தமா ஒரு டீஸ்பூனுக்குள்ள, அதாவது 5 கிராம், ஊறுகாய், கருவாடு, அப்பளம், பிரியாணி எல்லாத்தையும் சேத்து தான். பிரஷருக்கு நல்லதுன்னு விக்கிற சோடியம் கம்மி உப்புல பொட்டாசியம் இருக்கு, கிட்னி பிரச்சனை இருக்கிறவங்களும் டெல்மிசார்டன், ராமிப்ரில் போடுறவங்களும் கேக்காம வாங்காதீங்க.

இதெல்லாம் சரியா பண்ணியும், தண்ணி பிரியற மாத்திரை உட்பட மூணு மாத்திரை முழு டோஸ்ல போட்டும் இறங்கலன்னா "ஏன் இறங்கல"ன்னு கேளுங்க. கிட்னி நோய், கிட்னிக்குப் போற ரத்தக்குழாய் அடைப்பு, கிட்னிக்கு மேல இருக்கிற அட்ரினல் சுரப்பி கோளாறு, தைராய்டு, ராத்திரி பயங்கரமா குறட்டை விட்டு நடுவுல மூச்சு நிக்கிறது, இப்படி தேடிக் கண்டுபிடிச்சு வைத்தியம் பண்ண வேண்டிய காரணங்கள் இருக்கு. முப்பது வயசுக்குள்ளயே பிரஷர் வந்தவங்களுக்கு கட்டாயம் தேடணும். குறைஞ்சது கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், யூரின்ல புரதம், சுகர், ஈசிஜி எடுத்தாங்களான்னு பாருங்க. கண்ணோட பின்பக்கத்தையும் பாக்கச் சொல்லுங்க.

எங்க போறதுன்னா, முதல்ல ஆரம்ப சுகாதார நிலையம் போதும், அங்க மாத்திரை இலவசம். நடக்க முடியாதவங்களுக்கு 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து பாத்து மாத்திரை தர்றாங்க, நம்ம தெருவுக்கு வர்ற அக்கா யாருன்னு கேட்டு வைங்க. அதுல அடங்கலன்னா திருவண்ணாமலை ரோட்டுல அடுக்கம்பாறை கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, இல்ல வேலூர் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி). எங்கெங்கயோ இருந்து ரெண்டு நாள் ரயில்ல சிஎம்சிக்கு வர்றாங்க, ஊர்லயே இருக்கிற நம்ம கூட்டத்தப் பாத்து தள்ளிப் போட்டுக்கினு இருக்கோம். எங்க போனாலும் முதல்ல ஜெனரல் மெடிசின்ல காட்டுங்க, கிட்னிக்கா ஹார்ட்டுக்கா ஹார்மோனுக்கான்னு அவங்க அனுப்புவாங்க. மாசத்துக்கு ஒரு டாக்டர்னு மாத்தாதீங்க, மாத்தினா பழைய சீட்டு மொத்தமும் கையில இருக்கணும். மூணு வருஷம் முன்னாடி எழுதின சீட்டையே மெடிக்கல்ல நீட்டி வாங்கிக்கினு இருக்காதீங்க. கர்ப்பமா இருக்கிற பொண்ணுங்க, குழந்தைக்கு பிளான் பண்றவங்க இந்த மாத்திரைங்கள்ல சிலது ஆகாதுங்கிறதால உடனே சொல்லிடணும்.

180/120-க்கு மேல காட்டினா பதறாம 5 நிமிஷம் கழிச்சு திரும்ப பாருங்க. வேற தொந்தரவு இல்லன்னா அன்னிக்கே, முடியலன்னா மறுநாள் டாக்டர பாக்கணும், யாரோ சொன்னாங்கன்னு நாக்குக்கு அடியில மாத்திரை வச்சு சட்டுனு இறக்கக்கூடாது, அப்படி மளமளன்னு இறங்கினா அதுலயே பக்கவாதம் வரலாம். ஆனா நெஞ்சு வலி, மூச்சு வாங்குறது, வாய் கோணுறது, ஒரு கை தூக்க முடியாதது, பேச்சு குழறுறது, கண்ணு மங்குறது, இதுல எது இருந்தாலும் கிளினிக் கிளினிக்கா அலையாதீங்க, 108-க்கு அடிச்சு சிடி ஸ்கேன் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு போங்க. பக்கவாதத்துல அடைப்ப கரைக்கிற ஊசிய பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள்ள தான் போட முடியும், அதனால கடைசியா எத்தனை மணி வரைக்கும் நல்லா இருந்தாங்கன்னு கூடப் போறவங்க சொல்லத் தெரிஞ்சிருக்கணும்.